மெஷினை எடுக்கச் சொல்லலாமா?

ஐ.சி.யு. வாசல். உள்ளே அப்பா, பன்னிரண்டு நாளாக வென்டிலேட்டரில். டாக்டர் வெளியே வந்து, ''மூத்த பையன் யாரு? கொஞ்சம் உள்ளே வாங்க'' என்கிறார். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வரும் மூத்த மகனின் முகத்தில் ஈயாடவில்லை. ''இனிமே முன்னேற்றம் இருக்காதுன்னு சொல்றாங்க. மெஷினை வெச்சிருக்கறதா, எடுக்கறதான்னு நாமதான் சொல்லணுமாம்...''

அவ்வளவுதான்! அதுவரை ஒருத்தருக்கொருத்தர் ஃபிளாஸ்க்கில் காபி வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொல்லிக் கொண்டிருந்த குடும்பம் இரண்டாகப் பிரிந்து போகும். ''அண்ணா, அப்பாவைக் கொன்னுடுங்கன்னு சொல்லப் போறியா?'' என்று தங்கை அழுவாள். ''இன்னும் எத்தனை நாள் அந்த மனுஷனைக் குத்திக் குத்தி வதைக்கப் போறோம்?'' என்று மாப்பிள்ளை கேட்பார். அம்மா மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் புடவைத் தலைப்பை முறுக்கிக் கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதில் யார் சொல்வது தர்மம்? கொல்வதும், போக விடுவதும் ஒன்றுதானா?

இந்தக் கேள்வியை வருஷக் கணக்கில் அல்ல, நூற்றாண்டுக் கணக்கில் உட்கார்ந்து யோசித்தவர்கள் கிறிஸ்தவ அறநெறியாளர்கள். ''அவங்கதான் கருணைக் கொலையே கூடாதுங்கறவங்க ஆச்சே, கடைசி மூச்சு வரைக்கும் மெஷின் ஓடணும்னுதானே சொல்வாங்க?'' என்று நீங்கள் நினைக்கலாம். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை வேறு மாதிரி இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில் இருந்த ஒரு சாதாரணக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும்.

கேரனுக்கு என்ன ஆச்சு?

ஜோசப் குவின்லன், ஜூலியா குவின்லன் இருவரும் பக்தியுள்ள கத்தோலிக்கர்கள். பிறந்து சில வாரங்களே ஆன ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து, கேரன் ஆன் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். 1975 ஏப்ரலில் கேரனுக்கு வயது 21. ஒரு இரவு, நண்பர்களோடு இருந்தபோது மயங்கி விழுந்தாள். கால் மணி நேரம் வீதம் இரண்டு தடவை மூச்சு நின்று போயிருந்தது. கொஞ்சம் மது, கொஞ்சம் மாத்திரை, சரியான சாப்பாடு இல்லாதது என்று பலவாறு பேசப்பட்டது. ஆனால், காரணம் இன்னதுதான் என்று கோர்ட்டில்கூட தீர்மானமாகவில்லை. மூளைக்குப் போக வேண்டிய பிராணவாயு தடைப்பட்டதில் பெரும் சேதம். கேரன் கோமாவுக்குப் போனாள். வென்டிலேட்டர் பொருத்தப்பட்டது.

மாதங்கள் ஓடின. கண் திறக்கும், முகம் கோணும், சில சமயம் முனகல் சத்தம்கூட வரும். ஆனால், யாரையும் தெரியாது. எதுவும் புரியாது. சுமார் 52 கிலோ இருந்த பெண் 40 கிலோவுக்கும் கீழே இளைத்து, கை கால்கள் மடங்கி இறுகி, பெற்ற தாயைப் போல் வளர்த்தவளே பார்க்க முடியாத நிலை. மூளைச்சாவு என்றும் சொல்ல முடியாது. மூளையின் சில பகுதிகள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. இதைத்தான் டாக்டர்கள் 'தொடர் உணர்விழந்த நிலை' என்கிறார்கள்.

ஜோசப் என்ன செய்தார் தெரியுமா? முதலில் வக்கீலிடம் போகவில்லை. தங்கள் பங்குச் சாமியாரான தாமஸ் ட்ராபாஸோவிடம் போனார். அவருடைய பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான்... மெஷினை எடுக்கச் சொன்னால் பாவமாகி விடுமா?

'ஆகாது' என்றார் பாதிரியார். நம்பிக்கையே இல்லாத கட்டத்தில் இது போன்ற 'அசாதாரண வழி'களைத் தொடர்ந்து பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று விளக்கினார். அதைக் கேட்ட பிறகும் ஜோசப்புக்கு மனசு ஒப்புக்கொள்ளப் பல வாரங்கள் பிடித்தன. ஜூலை மாதக் கடைசியில்தான் பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள்.

கோழிக்குஞ்சும் ஒரு சாமியாரும்!

பாதிரியார் சொன்ன அந்த 'அசாதாரண வழி' எங்கிருந்து வந்தது? வென்டிலேட்டர் காலத்து விஷயம் என்று நினைத்து விடாதீர்கள். கதை 16-ம் நூற்றாண்டு ஸ்பெயினுக்குப் போகிறது. சலமான்கா பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்தவர் பிரான்சிஸ்கோ த வித்தோரியா என்ற துறவி. இறந்தது 1546-ல். அந்தக் காலத்து மருத்துவத்தில் பெரிய மருந்தெல்லாம் கிடையாது. கோழிக் குஞ்சு, கவுதாரி என்று உசத்தியான பத்தியச் சாப்பாடுதான் பல நேரம் சிகிச்சையே. 'வைத்தியர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஒருவன் தன் சக்திக்கு மீறிக் கோழியும் கவுதாரியும் வாங்கிச் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டுமா?' என்று கேட்டார் வித்தோரியா. 'இல்லை. எல்லோரும் சாப்பிடும் சாதாரண உணவைச் சாப்பிட்டால் போதும், அவன் தன் உயிருக்குத் துரோகம் செய்தவனாக மாட்டான்' என்பது அவர் முடிவு. சாப்பாட்டைக் கண்டாலே சித்திரவதையாக இருக்கும் அளவுக்கு நோயில் வாடுகிறவன் சாப்பிடவில்லை என்றால் அதைப் பெரும் பாவமாகக் கொள்ளக் கூடாது என்றும் சொன்னார்.

இன்னொன்றையும் சொன்னார்... நம்மூர் நடுத்தரக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இது! பிழைக்க வழியில்லாத ஒருவனுக்குச் சில மணி நேரமோ, சில நாட்களோ கூடுதலாகத் தரக்கூடிய விலை உயர்ந்த மருந்து ஒன்று இருந்தால், குடும்பச் சொத்தை எல்லாம் கொடுத்து அதை வாங்கித்தான் தீர வேண்டும் என்ற கடமை அவனுக்கு இல்லையாம். பணத்தைப் பற்றிப் பேசுவதையே குற்றம் போல நினைத்துக் கூனிக்குறுகி, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துவிட்டு வரும் பிள்ளைகள் எத்தனை பேர்? ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு துறவி அந்தப் பேச்சை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

இதன் அடிப்படையில் இருப்பது ஒரு நம்பிக்கை. உயிர் கடவுள் தந்தது. அதை நாமே அழிக்க நமக்கு உரிமை இல்லை. அதே சமயம், இந்த உடம்பில் வாழும் வாழ்க்கைதான் எல்லாவற்றுக்கும் மேலான பொருள் என்றும் கிறிஸ்தவம் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், கொலை கூடாது என்பதும் எந்த விலை கொடுத்தாவது மூச்சைப் பிடித்து வைக்க வேண்டியதில்லை என்பதும் ஒரே வாயிலிருந்து எப்படி வருகிறது என்று புரியும்.

எது சாதாரணம், எது அசாதாரணம் என்பதற்குப் பட்டியல் ஏதும் கிடையாது என்பது அடுத்த விஷயம். மயக்க மருந்து இல்லாத காலத்தில் காலை வெட்டி எடுப்பது தாங்க முடியாத கொடுமை. எனவே அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றார்கள். 1846-ல் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்து காட்டிய பிறகு நிலைமை மாறிவிட்டது. ஆக, கருவி எது என்பது முக்கியமில்லை. இந்த நோயாளிக்கு, இந்த நிலையில், அதனால் கிடைக்கும் பலன் என்ன, அவர் சுமக்க வேண்டிய கஷ்டம் என்ன... இதுதான் கணக்கு. ஜுரத்தோடு வந்த இருபது வயதுப் பையனுக்கு நான்கு நாள் வென்டிலேட்டர் சாதாரண வைத்தியம். உடம்பெல்லாம் புற்றுநோய் பரவிய எண்பது வயதுத் தாத்தாவுக்கு அதே மெஷின் வேறு சமாசாரம்.

போப்பாண்டவரிடம் கேட்ட டாக்டர்

1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுவிட முடியாத நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் கையாலேயே பையை அமுக்கி அமுக்கிக் காற்றுச் செலுத்தினார்கள். இன்றைய ஐ.சி.யு. அங்கிருந்துதான் வளர்ந்தது. நல்ல விஷயம்தான். ஆனால், 'ஆரம்பித்து விட்டோம், எப்போது நிறுத்துவது?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் மயக்க மருந்து நிபுணராக இருந்த புரூனோ ஹைட் என்ற டாக்டர், இந்தக் கேள்வியை நேரே போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதருக்கே அனுப்பினார். 1957 நவம்பர் 24-ல் மயக்க மருந்து நிபுணர்கள் கூட்டத்தில் போப் பதில் சொன்னார். ஆளையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்து, தனக்கோ பிறருக்கோ மிகப் பெரிய சுமையாகாத வழிகளைக் கையாள்வதுதான் கடமை என்றார். நம்பிக்கையற்ற நிலையில் மெஷினை எடுக்கக் குடும்பம் கேட்டால், டாக்டர் அதற்கு இணங்கலாம். அது கொலை ஆகாது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் டாக்டருக்குத் தனி உரிமை ஏதும் இல்லை என்றும் சொன்னார். மரணம் எந்தக் கணத்தில் நிகழ்கிறது என்று தீர்மானிப்பது திருச்சபையின் வேலை இல்லை, அது டாக்டர்களின் வேலை என்று ஒதுங்கியும் கொண்டார்!

கேரன் விஷயத்தில் பாதிரியார் சொன்னது இந்தப் பதிலைத்தான். ஆனால், டாக்டர்கள் தயங்கினார்கள். கொலைக் கேஸ் வந்துவிடுமோ என்ற பயம் அந்த நாளில் நியாயமானதே. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 1975 நவம்பரில் கீழ்க்கோர்ட் நீதிபதி முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த மறைமாவட்டத்து பிஷப் லாரன்ஸ் கேஸி, பெற்றோரின் முடிவு திருச்சபைப் போதனைக்கு உட்பட்டதே என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார். 1976 மார்ச் 31-ல் நியூஜெர்ஸி சுப்ரீம் கோர்ட், நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமனதாக, ஜோசப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட முடிவுகளில் ஆஸ்பத்திரியின் அறநெறிக் குழுவைக் கலந்துகொள்ள வேண்டும் என்றது கோர்ட். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் அந்த மாதிரிக் குழுக்கள் பெருகியதற்கு இந்தத் தீர்ப்பு ஒரு முக்கிய காரணம்.

மே மாதம் மெஷினைப் படிப்படியாகக் குறைத்து எடுத்தார்கள். எல்லோரும் என்ன எதிர்பார்த்திருப்பார்கள்? ஆனால் கேரன் தானாகவே மூச்சுவிட ஆரம்பித்தாள்! நினைவு திரும்பவில்லை. ஒரு நர்ஸிங் ஹோமில் ஒன்பது வருஷத்துக்கும் மேல் படுத்திருந்து, 1985 ஜூன் 11-ல் நிமோனியாவில் இறந்தாள்.

அந்த ஒன்பது வருஷமும் மூக்கு வழியாகப் போன உணவுக் குழாயை எடுக்கச் சொல்லி அந்தப் பெற்றோர் ஒரு நாளும் கேட்கவில்லை. மெஷின் வேறு, சாப்பாடு வேறு என்பது ஜோசப்பின் எண்ணம். மகள் சாக வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை. அவளை வதைக்கும் ஒரு பொருளை எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு நடப்பது கடவுள் கையில் என்றுதான் நினைத்தார். 'போக விடுவதும் கொல்வதும் ஒன்றா?' என்ற கேள்விக்கு, நான் படித்ததிலேயே தெளிவான பதில் அந்த மனிதர் நடந்துகொண்ட விதம்தான்.

வலிக்கு மருந்து கொடுத்தால்?

''மார்ஃபின் போட்டா சீக்கிரம் போயிடுவாராமே... அது மட்டும் பாவமில்லையா?'' இதுவும் வீடுகளில் கேட்கும் கேள்விதான்.

இதற்கு 'இரட்டை விளைவு' என்றொரு தத்துவம் இருக்கிறது. 13-ம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்வினாஸ், தற்காப்பைப் பற்றிப் பேசும்போது சொன்னதிலிருந்து வளர்ந்தது. ஒரு செயலுக்கு நல்லதும் கெட்டதுமாக இரண்டு விளைவுகள் இருந்தால், நாம் நாடுவது எது என்று பார்க்க வேண்டும். வலி போக வேண்டும் என்று அளவறிந்து மருந்து கொடுக்கிறோம். அதனால் ஆயுள் கொஞ்சம் குறையக்கூடும் என்று தெரிந்தாலும், நாம் நாடியது அதை அல்ல. 1957 பிப்ரவரியிலேயே இதே பன்னிரண்டாம் பத்திநாதர் இதை அனுமதித்துவிட்டார். உயிரைப் போக்குவதற்காகவே டோஸை ஏற்றினால் மட்டும் அது வேறு கதை.

நடைமுறையில், சரியான அளவில் படிப்படியாகக் கொடுக்கப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை என்பதே இன்றைய வலி நிவாரண மருத்துவர்களின் அனுபவம். இதைச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, பிறகு ஆஸ்பத்திரி சமூகப் பணியாளராகி, அதன் பிறகு டாக்டருக்கும் படித்தவர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். 1948-ல் புற்றுநோயில் இறந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதர், 'நீங்கள் கட்டப் போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன்' என்ற பொருளில் சொல்லி, 500 பவுண்டை அவருக்கு விட்டுச் சென்றார். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர் இல்லம் திறக்கப்பட்டது. வலி வந்து அலறிய பிறகு ஊசி போடுவது என்றிருந்ததை மாற்றி, வலி வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுப்பது என்று ஆக்கினார். உடம்பு வலியோடு பயம், பணக்கவலை, குடும்பக் கவலை எல்லாமே வலிதான் என்றார். கருணைக் கொலையைக் கடைசி வரை எதிர்த்த அவர், 2005-ல் அதே இல்லத்தில் இறந்தார். நம் நாட்டில் 1986-ல் மும்பையில் தொடங்கிய சாந்தி அவேத்னாவும் இந்த வழியில் வந்ததே.

கேரனின் பெற்றோரும் 1980-ல் மகள் பெயரில் இப்படி ஒரு சேவையை ஆரம்பித்தார்கள். 1996-ல் ஜோசப் புற்றுநோயில் இறந்தபோது அவரைக் கவனித்துக்கொண்டது அந்தச் சேவைதான்.

அவர்களுக்குள்ளேயும் தகராறு உண்டு!

எல்லா கிறிஸ்தவர்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். குழாய் வழி உணவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சிகிச்சையா, சாப்பாடா? 2004-ல் போப் இரண்டாம் ஜான் பால், குழாய் மூலம் தந்தாலும் உணவும் தண்ணீரும் சாதாரணப் பராமரிப்புதான், கொள்கையளவில் கொடுக்கத்தான் வேண்டும் என்றார். மறு வருஷம் ஃப்ளாரிடாவில் டெர்ரி ஷயாவோ என்ற பெண்ணின் உணவுக் குழாயை எடுப்பது பற்றி அவர் கணவருக்கும் பெற்றோருக்கும் நடந்த வழக்கு உலகத்தையே உலுக்கியது. 2005 மார்ச் 31-ல் அவர் இறந்தார். அதே வாரம், போப்புக்கும் மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். ஆனால், நிலைமை முற்றியபோது மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தன் அறையிலேயே இருந்துவிட்டார். ஏப்ரல் 2-ல் காலமானார். குழாயை ஏற்றார், ஐ.சி.யு.வை ஏற்கவில்லை. கோட்டை எங்கே போடுவது என்பது அவருக்கே அப்படித்தான் அமைந்தது.

ஒரு படி மேலே போய், சாவுக்கு டாக்டர் உதவுவதே சரி என்றவர்களும் உண்டு. 1995-ல் கத்தோலிக்க இறையியலாளர் ஹான்ஸ் கியூங் அப்படி எழுதினார். தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் டுட்டு 2016-ல், தனக்கும் அந்த உரிமை வேண்டும் என்றார். 2014-ல் இங்கிலாந்தில் வந்த மசோதாவை முன்னாள் ஆர்ச்பிஷப் ஜார்ஜ் கேரி ஆதரித்தார். அப்போது பதவியில் இருந்த ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி எதிர்த்தார். இரக்கம்தான் பெரிது என்பது ஒரு கட்சி. கதவைக் கொஞ்சம் திறந்தால், 'நான் பிள்ளைகளுக்குப் பாரமா இருக்கேனே' என்று எண்ணும் முதியவர்கள்தான் முதலில் தள்ளப்படுவார்கள் என்பது மறு கட்சி. நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுப் பழகிய எனக்கு, இரண்டாவது கட்சியின் பயம்தான் நியாயமாகத் தோன்றுகிறது.

நம்ம ஊர்ச் சட்டம் என்ன சொல்லுது?

ஊசி போட்டு உயிரைப் போக்குவது இந்தியாவில் குற்றம். ஆனால், பயனற்ற உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ள வழி இருக்கிறது. 2011-ல் அருணா ஷான்பாக் வழக்கில் சுப்ரீம் கோர்ட் முதல் தடவையாக இதை ஏற்றது. 2018 மார்ச் 9-ல் ஐந்து நீதிபதிகள் பெஞ்ச், கௌரவமாகச் சாவதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று சொல்லி, 'லிவிங் வில்' எழுதி வைப்பதையும் அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது. தெளிந்த மனநிலையில் உள்ள 18 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தனக்காக முடிவு சொல்லப் போகிறவர் யார் என்ற பெயரையும் அதில் குறிப்பிட வேண்டும். பிறகு தேவைப்படும் நாளில், ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். உயில் எழுதாதவர்களுக்கும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதே குழு நடைமுறை உண்டு.

இது தெரியாததால் இங்கே வேறொன்று நடக்கிறது. 'டாக்டர் பேச்சை மீறி அழைத்துப் போகிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நோயாளியை வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். ஆம்புலன்ஸிலேயோ, வீட்டு வாசலிலோ குழாய் எடுக்கப்படுகிறது. மூச்சுத் திணறலுக்கு மருந்து இல்லை, பக்கத்தில் நர்ஸ் இல்லை. நான்கு நூற்றாண்டு யோசித்துச் சொன்ன 'போக விடுவது' இது நிச்சயமாக இல்லை! எடுக்க வேண்டியது மெஷினை மட்டும்தான். வலிக்கு மருந்து, வாயை நனைக்கும் தண்ணீர், சுத்தம், பக்கத்தில் ஒரு கை... இதெல்லாம் கடைசி நிமிஷம் வரை தொடர வேண்டியவை. 1980-ல் வாடிகன் வெளியிட்ட அறிக்கையும், சாதாரணப் பராமரிப்பை நிறுத்தக் கூடாது என்றே சொல்கிறது.

எனவே டாக்டர் கூப்பிட்டுப் பேசும்போது பயப்படாமல் கேளுங்கள். ''இந்த மெஷின் அவரைக் குணமாக்கவா, இல்லே நாளைத் தள்ளவா டாக்டர்?'' ''எடுத்தா மூச்சு முட்டாம இருக்க என்ன மருந்து கொடுப்பீங்க?'' ''கடைசி நேரத்துல நாங்க பக்கத்துல இருக்கலாமா?'' உங்கள் ஊரில் வலி நிவாரணப் பிரிவு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதையும் விசாரித்து வையுங்கள். அப்பா நன்றாக நடமாடிக்கொண்டு இருக்கும்போதே, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, ''உங்களுக்கு எப்படி வேணும்பா?'' என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்தால், பிற்பாடு அந்த ஐ.சி.யு. வாசலில் தங்கையும் அண்ணனும் சண்டை போட வேண்டியிருக்காது. ''அபசகுனமா பேசாதே'' என்று அம்மா அதட்டத்தான் செய்வார். பரவாயில்லை, அவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள்.